என் மகனைப் பார்த்தவளுக்கு

இன்று எங்கள் செக்கிங் மேசைக்குக் குழந்தை ஆர்டர் வந்தது. பிறந்த குழந்தைகளுக்கான அளவு. அயர்ன் மேசையிலிருந்து இறக்கிய, சூடு ஆறாத வெள்ளைப் பனியன் துணிக்கு ஒரு வாசனை உண்டு, உனக்குத் தெரியும். ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக டியூப் லைட்டுக்கு நேரே விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், ஒன்றை மட்டும் கீழே வைக்காமல் முகத்தருகே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். சூப்பர்வைசர் பையன் வந்து, “ஏனுங்க்கா, டேமேஜுங்களா?” என்று கேட்டான். கறை மாதிரித் தெரிந்தது என்று சொல்லிச் சமாளித்தேன். பீஸில் ஒரு குறையும் இல்லை.

நீ இருந்திருந்தால் ஏன் நின்றேன் என்று கேட்டிருக்கமாட்டாய். என் கையிலிருந்து அதை வாங்கி நீயே மடித்து அடுக்கியிருப்பாய். என் பங்கையும் சேர்த்துப் பார்த்துத் தள்ளியிருப்பாய். உன் இடத்தில் இப்போது ஒரிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி நிற்கிறாள். நல்ல பெண்தான். அவள் பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. இரண்டு பேரும் கறையைத் தொட்டுக் காட்டி விரலால் பேசிக்கொள்கிறோம். பகல் முழுவதும் வாய் திறக்க ஆளில்லாமல் மனதுக்குள் உன்னோடுதான் பேசிக்கொண்டிருக்கிறேன். அதை எழுதித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்தேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவாய் என்று கேட்காதே. எனக்குத் தெரிய வேண்டியதே அதுதான். நீ இப்போது எங்கே இருக்கிறாய்?

ராயபுரத்து லைன் வீட்டில் நாங்கள் குடியேறிய அன்று நீ பக்கத்து வீட்டு வாசலில் நின்றுகொண்டு, எந்த ஊருங்க, குடிக்கத் தண்ணீர் வேணுங்களா என்று விசாரித்தாய். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியவள் நான். என்னைவிட மூத்த ஒருத்தி இத்தனை ‘ங்க’ போட்டுப் பேசுவதைக் கேட்டு, இவள் நம்மைக் கேலி செய்கிறாளோ என்று நினைத்தேன். பதிலுக்கு எங்கள் ஊர் வழக்கப்படி, “நீ எந்தக் கம்பெனியில வேல பாக்க?” என்று கேட்டேன். உன் முகம் ஒரு கணம் மாறியது. குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம், காடு, மாடு என்று இருந்த குடும்பத்துப் பெண்ணை, நேற்று வந்தவள் ‘நீ’ என்று கூப்பிட்டால் மாறாதா? ஆனாலும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். அதன் பிறகு அத்தனை வருடம் பழகியும் நான் ‘நீ’யை விடவில்லை, நீ ‘ங்க’வை விடவில்லை. குழாயடியில் சண்டை வந்தபோதுகூட, “உங்களுக்கு அறிவு இருக்குதுங்களா?” என்றுதான் கேட்டாய். திட்டு வாங்கிக்கொண்டு நான் சிரித்துவிட்டேன். சண்டையும் அத்தோடு முடிந்தது.

நீ திருப்பூருக்கு வந்த கதையை நீயாகச் சொல்லவில்லை. லைன் வீட்டுக்காரர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். கிணறு வற்றி, போர் போட்டு, அதிலும் தண்ணீர் வராமல், உன் வீட்டுக்காரர் தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தை எடுத்துக் குடித்துவிட்டார். உனக்குப் பிள்ளை குட்டி இல்லை. அண்ணன் வீட்டில் சோற்றுக்குக் குறை இருந்திருக்காது, ஆனால் உட்கார்ந்து சாப்பிடுவது உனக்கு ஆகாது. அதனால் பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டாய். என்னையும் நீதான் சூப்பர்வைசரிடம் சொல்லி உன் மேசையிலேயே சேர்த்துவிட்டாய்.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். என் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். திருப்பூருக்கும் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் நடுவே ரோட்டில்தான் அவர் குடித்தனம். தனியாக இருக்கப் பயந்துகொண்டு, இருட்டுவதற்கு முன்பே நான் மெழுகுவத்தி ஏற்றிச் சத்தமாக ஜெபம் சொல்வேன். சிலுவை போடுவதிலிருந்து மரித்த ஆத்துமாக்களுக்கான ஜெபம் வரை எல்லாம் சுவரைத் தாண்டி உனக்குக் கேட்கும். ஒரு நாள் நடுவில் மறந்து நான் திணறியபோது, அந்தப் பக்கத்திலிருந்து நீ அடுத்த வரியை எடுத்துக் கொடுத்தாய். மாரியம்மனுக்குத் தீர்த்தக்குடம் எடுக்கிறவள் எனக்கு ஜெபம் சொல்லிக் கொடுக்கிறாயே என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். அன்று ஜெபத்தை ஒழுங்காக முடிக்கவே இல்லை.

டீ நேரத்தில் நான் கதை சொல்வேன், நீ வடையைப் பிய்த்துக்கொண்டே கேள்வி கேட்பாய். எங்கள் ஊர் மருத்துவச்சி கதை அப்படித்தான் வந்தது. எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளை பிழைக்காது என்று தெரிந்துவிட்டால் பங்குச் சாமியார் வரும்வரை காத்திருக்கமாட்டார்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சியே பிள்ளையின் தலையில் தண்ணீர் ஊற்றி, பெயரைச் சொல்லி, “பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பெயராலே உன்னைக் கழுவுகிறேன்” என்று ஞானஸ்நானம் கொடுத்துவிடுவாள். என் தம்பி ஒருவனுக்கு அப்படித்தான் கொடுத்தார்கள். ஞானஸ்நானம் இல்லாமல் போகிற பிள்ளை மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, வெளிச்சமே இல்லாத ஓர் இடத்தில் தங்கிவிடும் என்று எங்கள் ஊரில் பயப்படுவார்கள். இதைக் கேட்டதும் நீ வடையைக் கீழே வைத்துவிட்டாய்.

மருத்துவச்சி உங்கள் கோயில் ஆளா என்று கேட்டாய். இல்லை, அவள் இந்துதான் என்றேன். சாகக் கிடக்கிற அவசரத்தில் யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், கோயில் வாசலை மிதிக்காதவர்கள் ஊற்றினாலும் செல்லும், தண்ணீரும் அந்த வார்த்தைகளும் மனதும் இருந்தால் போதும் என்று மறைக்கல்வி வகுப்பில் படித்ததைப் பெருமையாக ஒப்பித்தேன். “யாரு வேணாலுமுங்களா?” என்று மறுபடியும் கேட்டாய். மணி அடித்தது, எழுந்து வேலைக்குப் போனோம்.

அடுத்த வருடம் நான் உண்டானேன். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது, செக்கிங் மேசையில் நின்றபடியே வலிப்பு வந்து விழுந்துவிட்டேன். அதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியாது. பின்னால் நடந்ததெல்லாம் நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ சொன்னதை உனக்கே திரும்பச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்.

கம்பெனி வேனில் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாய். என் வீட்டுக்காரர் லாரியோடு துறைமுகத்தில் நின்றுகொண்டிருந்தார். அறுத்துத்தான் எடுக்க வேண்டும், சொந்தக்காரர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும் என்று சொன்னபோது அக்கா என்று சொல்லி நீ போட்டாய். மத்தியானம் பையன் பிறந்தான். மூச்சுக்குத் திணறினான். டாக்டர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்து பார்த்தார்கள். இனி ஒன்றும் இல்லை என்று ஆனபோது, கூட வந்தவர் யார் என்று கேட்டு உன் மடியில் கொடுத்தார்கள்.

வராந்தா பெஞ்சில் அவனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். அப்போது என் மருத்துவச்சி உனக்கு ஞாபகம் வந்திருக்கிறாள். குடிப்பதற்கு வாங்கி வைத்த தண்ணீர் பாட்டில் பக்கத்தில் இருந்தது. அதன் மூடியில் கொஞ்சம் ஊற்றி அவன் உச்சியில் விட்டாய். வார்த்தைகளைச் சொல்வதில் உனக்குச் சிரமம் இல்லை. பெயர் சொல்ல வேண்டும் என்பதும் நினைவிருந்தது, ஆனால் என்ன பெயர் என்று தெரியவில்லை. நாங்கள் யோசித்து வைத்திருந்த பெயரை உன்னிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை. உங்கள் பக்கத்தில் பிள்ளைகளைக் கொஞ்சுகிற மாதிரியே சாமி என்று கூப்பிட்டுக் கழுவினாய். அவன் கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்தானாம். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

எனக்கு நினைவு திரும்பியபோது அவனை அடக்கம் செய்தே ஆகிவிட்டிருந்தது. என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்ததும் அதற்குப் பிறகுதான். வேறு யாரும் இல்லாததால் பங்குக் கோயிலுக்கு நீயே போனாய். அப்போதிருந்த பெரிய சாமியார் பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறதா, யார் கொடுத்தது என்று விசாரித்தார். நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றுகொண்டு, “நானுங்க” என்று சொன்னாய். எப்படி ஊற்றினாய், என்ன சொன்னாய் என்று கேட்டார். அப்படியே செய்து காட்டினாய். எதற்காகச் செய்தாய் என்று கடைசியாக ஒன்று கேட்டார். “இருட்டுல உட்டுருவாங்கன்னு பெத்த அந்தப் புள்ள சொல்லுச்சுங்க. பச்சப் புள்ளைய எப்படிங்க இருட்டுல உடறது?” என்றாய். அவர் உடனே எழுந்தார். அங்கியை மாட்டிக்கொண்டு உன்னோடு கல்லறைத் தோட்டத்துக்கு நடந்து வந்தார். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த வெள்ளைத் துணியில் சுற்றி, நீதான் அவனைக் குழியில் இறக்கினாய்.

இதையெல்லாம் நீ என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பயந்துகொண்டே சொன்னாய். ‘ங்க’ போடாமல் நீ என்னிடம் பேசியது அந்த ஒரு நாள்தான். “அழுகாத கண்ணு. அவன் வெளிச்சத்துலதான் இருக்கறான்.” வேறு யார் சொல்லியிருந்தாலும் சந்தேகப்பட்டிருப்பேன். நீ சொன்னதை அப்படியே நம்பினேன். இன்றைக்கும் நம்புகிறேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நீ என்னோடு வந்தாய். நவம்பர் தொடக்கத்தில் எங்கள் ஆட்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுகிற நாள். கம்பெனியில் இரண்டு பேரும் சேர்ந்து லீவு கேட்டால் முறைப்பார்கள். நீ உனக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வருவாய். முதல் வருடம் ஒரு சொம்பில் பால் கொண்டுவந்து அவன் மண்ணில் ஊற்றினாய். கோயில் காரியங்களைக் கவனிக்கிற உபதேசியார் அதைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். எங்கள் வழக்கம் இல்லைதான். நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். அந்த மண்ணில் என்ன ஊற்றவும் உனக்கு உரிமை உண்டு என்று எனக்குத் தோன்றியது.

இரண்டாம் வருடம் பாலோடு ஒரு பாட்டில் தண்ணீரும் கொண்டுவந்தாய். இது எதற்கு என்று கேட்டேன். “வருசம் ஆயிப்போச்சுங்களே, மறுக்காவும் ஊத்தோணுமல்லங்க?” என்றாய். கல்லறைக்கு முன்னால் நின்றுகொண்டு நான் வாய்விட்டுச் சிரித்தேன், அக்கம்பக்கத்தில் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வருடம் முழுவதும் நீ பயந்துகொண்டிருந்திருக்கிறாய். ஞானஸ்நானத்தை வருடாவருடம் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும், நீ மறந்துபோனால் பையன் மறுபடியும் இருட்டுக்குப் போய்விடுவான் என்று. கிடா வெட்டு ஒரு வருடம் தவறினால் அடுத்த வருடம் சேர்த்து வெட்டுகிற குடும்பத்தில் வந்தவள் வேறு எப்படி நினைப்பாய்? ஒரு தடவை ஊற்றினால் ஊற்றியதுதான், அது அழியாது, அதற்காக நாம் வேறு எதுவும் செய்ய வேண்டாம் என்று சொன்னேன்.

“ஒண்ணுமே பண்ண வேண்டாமுங்களா?”

“வேண்டாம். அதுதான் கிருபை. சும்மா கெடைக்கது.”

“சும்மா யாருங்க குடுப்பாங்க?” என்று நீ கேட்டபோது உன் குரலில் இருந்த சந்தேகத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கம்பெனியில் தீபாவளிக்கு இலவசமாகக் கொடுத்த ஸ்வீட் பெட்டியைக்கூட, ஏன் கொடுக்கிறார்கள் என்று தெரியாமல் பிரிக்காதவள் நீ.

அந்தப் பேச்சு நமக்குள் வருடக்கணக்கில் ஓடியது. நீயும் ஞானஸ்நானம் வாங்கிக்கொள் என்று நான் நச்சரிப்பேன். மனிதர்கள் உழைத்துச் சம்பாதித்து மோட்சம் போக முடியாது, ஆண்டவர் தம் உயிரைக் கொடுத்து எல்லாருக்கும் சேர்த்து வாங்கிவைத்துவிட்டார், நாம் கையை நீட்டினால் போதும் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்வேன். நீ பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாவம், அவருக்கு என்னங்க கெடச்சுது?” என்று கேட்பாய். எந்தச் சாமியாரும் எனக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. நீயே முடித்துவைப்பாய். “வேல செஞ்சாக் கூலி வாங்கலாமுங்க. சும்மா வாங்கறதுக்கு எனக்குக் கூச்சமா இருக்குதுங்க.”

நீ மறுத்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஒரு மத்தியானம் சோறு உண்டுகொண்டிருக்கும்போது, மருந்து குடித்துச் செத்தவர்களுக்கு உங்கள் மோட்சத்தில் இடம் உண்டா என்று கேட்டாய். உன் வீட்டுக்காரரைப் பற்றி நீ வாய் திறந்தது அன்றுதான். நான் சிறு பெண்ணாக இருந்தபோது அப்படிச் செத்தவர்களை எங்கள் ஊரில் கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியே புதைப்பார்கள். அதை உன்னிடம் எப்படிச் சொல்வது? ஃபாதரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று நகர்ந்துவிட்டேன். கேட்கவும் செய்தேன். இப்போது அப்படி ஒதுக்குவதில்லை, அவர்களுக்காகவும் ஜெபிக்கிறோம், ஆண்டவருடைய இரக்கம் எங்கே நிற்கும் என்று நாம் சொல்ல முடியாது என்றார் பெரிய சாமியார். ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். நீ கையிலிருந்த பீஸை மடித்துவைத்துவிட்டுச் சொன்னாய்.

“அவரு நெம்பக் கூச்சக்காரருங்க. உங்க ஆண்டவரு கூப்புட்டாலும் உள்ள வராம வெளியவே நிப்பாருங்க. நானும் உங்க பக்கம் அக்கட்டால போயிட்டா அவரு தனியால்ல கெடப்பாரு?”

அன்றோடு உன்னை நச்சரிப்பதை நிறுத்திவிட்டேன். நம்பிக்கையைப் பற்றிய பேச்சாக இருந்தால் நான் சளைக்காமல் வாதாடுவேன். தனியாகக் கிடக்கிற ஓர் ஆளை விட்டுவிட்டு வா என்று எப்படிச் சொல்வேன்?

கல்லறைத் திருநாளில் நமக்குள் இன்னொரு வழக்கமும் உண்டாகியிருந்தது. மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும்போது, அவனைப் பற்றிச் சொல் என்று நான் கேட்பேன். நீ ஒன்று சொல்வாய், ஒன்றுதான் சொல்வாய். காது உங்களுது மாதிரிங்க என்று ஒரு வருடம் சொன்னாய். இன்னொரு வருடம், நெற்றியில் முடி இறங்கியிருந்தது என்றாய். கொட்டாவி விட்டான் என்றாய். உன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை என்றாய். கொஞ்ச நேரமே இருந்த பிள்ளைக்கு இத்தனை இருக்குமா, பிந்திய வருடங்களில் நீயாகவே சேர்த்துச் சொன்னாயோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. சொல்லியிருந்தால் என்ன? அவன் முகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் நீ கொடுத்ததுதான். வலது கன்னத்தில் குழி விழுந்ததா என்று அடுத்த வருடம் கேட்க நினைத்திருந்தேன்.

அதற்குள் உனக்கு வயிற்றில் கட்டி வந்துவிட்டது. எனக்காகச் சொன்ன பொய் வயிற்றுவலி கடைசியில் நிஜமாகவே வந்துவிட்டதே என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு நீயே கேலி செய்தாய். என்னால் சிரிக்க முடியவில்லை. அங்கே கைவிரித்த பிறகு அண்ணன் வந்து உன்னைக் குன்னத்தூருக்கு அழைத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பூசைக்குப் போகாமல் பஸ் ஏறி உன்னிடம் வந்தேன். பூசையை விட்டுவிட்டு வந்தால் பாவமில்லையா என்று ஒவ்வொரு தடவையும் கேட்டாய். நீ வாயை மூடிக்கொண்டு படு என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணியார் என்னை உன் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தீவனம் போடப் போனார். வீட்டில் வேறு யாரும் இல்லை. நீ கண்ணை மூடிப் படுத்திருந்தாய். கூப்பிட்டால் பதில் இல்லை. உன் உதட்டை நனைப்பதற்காக ஒரு டம்ளரில் தண்ணீரும் ஸ்பூனும் வைத்திருந்தார்கள். நான் டம்ளரைக் கையில் எடுத்தேன். சாகக் கிடக்கிறவர்களுக்கு யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். என் பிள்ளைக்கு நீ செய்ததை நான் உனக்குச் செய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. உன்னை என் பக்கம் இழுத்துக்கொள்ள வேண்டும் என்கிற ஆசையில் டம்ளரை உன் உச்சிக்கு நேரே கொண்டுபோனேன். வேண்டாம் என்று நீ தெளிவாகச் சொல்லியிருந்தாய், ஏன் என்றும் சொல்லியிருந்தாய். டம்ளரோடு உன் தலைமாட்டில் நின்றுகொண்டே இருந்தேன்.

நீ கண்ணைத் திறந்தாய். முதலில் டம்ளரைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். உதட்டோரத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“குடிக்கறதுக்குத்தானுங்களே?”

“குடிக்கத்தான்” என்றேன். ஸ்பூனால் இரண்டு வாய் ஊட்டினேன். நீ விழுங்கிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாய். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசவில்லை. நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். சரியாகச் செய்துவிட்டு இப்படித் தனியாகக் கிடக்கிறேனே என்றுதான் அழுகை வருகிறது.

உன்னை எரித்து, சாம்பலைப் பவானியில் கரைத்தார்கள். கரைக்கு ஆண்கள் மட்டும்தான் போனார்கள். உனக்கென்று நான் போய் நிற்க ஓர் அடி மண்கூட இல்லை. நீ இருந்த வீட்டில் இப்போது பீகார்ப் பையன்கள் தங்கியிருக்கிறார்கள். சாயங்காலம் கரண்ட் போனால் லைனில் எல்லோரும் வாசலுக்கு வந்துவிடுவார்கள். நான் மட்டும் உள்ளே உட்கார்ந்து ஜெபம் சொல்கிறேன். நடுவில் மறந்துபோனால் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. முதலிலிருந்து தொடங்கிச் சொல்கிறேன்.

இந்த வருடம் கல்லறைத் திருநாளுக்கு முன்பு, பூசையில் வாசிப்பதற்காக மரித்தவர்களின் பெயர்களைக் கொடுக்கச் சொன்னார்கள். என் அப்பா அம்மா பெயரோடு உன் பெயரையும் சொன்னேன். உபதேசியார் நிமிர்ந்து பார்த்தார். உன் குலதெய்வத்தின் பெயரையே உனக்கு வைத்திருந்தார்கள் அல்லவா, அதைக் கேட்டதும் இவர் ஞானஸ்நானம் வாங்கியவரா என்று விசாரித்தார். இல்லை என்றேன். அப்படியானால் இந்தப் பூசையில் வாசிப்பது முறையில்லை, வீட்டில் வேண்டுமானால் ஜெபித்துக்கொள்ளுங்கள் என்று தன்மையாகத்தான் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை.

“எம் பிள்ளைக்கு ஊத்துனது அவ. அன்னைக்கு அவ கை செல்லும், இன்னைக்கு அவ பேரு செல்லாதா?” என்று கோயில் வராந்தாவிலேயே கத்திவிட்டேன்.

சத்தம் கேட்டு இப்போதைய சாமியார் வெளியே வந்தார். இளவயதுக்காரர், எங்கேயோ கிளம்பிக்கொண்டிருந்தவர். பைக்கை நிறுத்திவிட்டு, நின்றபடியே முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்து, யாருக்காகவும் பூசை ஒப்புக்கொடுக்கலாம், இவருக்காகக் கட்டாயம் ஒப்புக்கொடுப்போம் என்று சொல்லி உபதேசியாரிடம் உன் பெயரைச் சேர்க்கச் சொன்னார். அதோடு நான் வந்திருக்கலாம். விடாமல் கேட்டேன், அவ அங்க, மோட்சத்துல இருப்பாளா ஃபாதர் என்று.

“எனக்குத் தெரியாதும்மா. இல்லைன்னு சொல்ற அதிகாரமும் எனக்கில்ல” என்றார்.

பூசையில் சவரிமுத்து, அந்தோணியம்மாள், மரிய சூசை என்று பெயர்கள் வரிசையாக வந்தன. நடுவே பீடத்திலிருந்து உன் பெயர் கேட்டது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மற்ற எல்லோருக்கும் சொன்ன மாதிரியே கோயில் முழுவதும் சேர்ந்து, இவர்கள்மேல் இரக்கமாயிரும் என்று சொன்னது. உபதேசியாரும் வாயைத் திறந்து சொன்னதை நான் பார்த்தேன். உனக்கு மிகவும் கூச்சமாக இருந்திருக்கும். உனக்காக இத்தனை பேர் சும்மா ஜெபம் சொல்லி நீ கேட்டதே இல்லையே.

பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். என் வீட்டுக்காரர் இந்த வருடம் வந்திருந்தார். சுண்ணாம்பு அடித்தார், ஆணி கழன்றிருந்த சிலுவையை அடித்து நிறுத்தினார், அதில் ‘சாமி’ என்று மறுபடி எழுதினார். பிறகு தள்ளிப் போய் நின்றுகொண்டார். பார்க்காத பிள்ளையைப் பற்றி அவர்தான் என்ன பேசுவார்? சுற்றிலும் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, செத்தவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். மெழுகுவத்தி எரிந்து முடியும்வரை நான் காத்திருந்தேன். அவனைப் பற்றி யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை.

அன்றைக்குப் பிரசங்கத்தில், மோட்சத்தில் நாம் இழந்தவர்களையெல்லாம் மறுபடி காண்போம், ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வோம் என்று சாமியார் சொன்னார். நான் அதை நம்புகிறவள்தான். ஆனால் அங்கே எத்தனையோ பச்சைப் பிள்ளைகள் இருக்கும். அவற்றில் எது என் பிள்ளை என்று நான் எப்படி அறிவேன்? தாய்க்குத் தெரிந்துவிடும் என்பார்கள், அவர்களுக்கென்ன, சொல்லிவிடுவார்கள். நான் அவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவனுக்கும் என்னைத் தெரியாது. அவன் கண்ணைத் திறந்து பார்த்த முகம் உன்னுடையது.

அதனால் நீ அங்கே இருந்தாக வேண்டும். இதை நான் ஆண்டவரிடம் தினமும் சொல்கிறேன், உன்னிடமும் சொல்லிவிடுகிறேன். சும்மா உள்ளே வர உனக்குக் கூச்சமாக இருந்தால் சும்மா வர வேண்டாம், உனக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறது. உன் வீட்டுக்காரரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வா, அவர் என் பக்கத்தில் உட்காரட்டும், நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நான் வந்து சேரும்போது, “இவந்தானுங்க” என்று சொல்லி அவனை என் கையில் கொடு. கொடுத்துவிட்டு நீ எங்கே வேண்டுமானாலும் போய்க்கொள். என் பிள்ளையைத் தெரிந்த ஆள் உன்னை விட்டால் எனக்கு வேறு யாரும் இல்லை.